பெயரைக் கொன்ற பேரரசுகள்

"பெயர்தானே! எந்தப் பெயரிட்டு அழைத்தால் என்ன? ஆளைப் பார், அறிவைப் பார், பெயரையா பார்ப்பது?" என்று கேட்கும் பெரியவர்கள் ஊருக்கு நாலுபேர் உண்டு. கேட்க இனிமையான பேச்சு. பரந்த உள்ளத்திலே பிறந்த பேச்சுப் போலவும் தோன்றும். ஆனால், தோழர்களே! பெயரில் ஒன்றுமில்லை என்ற இந்த வேதாந்தம் அடங்கிக் கிடப்போருக்கு ஓதப்படுவது. அடக்கி ஆள்வோர் இதனை ஒருநாளும் நம்பியதில்லை. நம்பியிருந்தால், ஒரு பெயரை ஒழிப்பதற்காகச் சட்டம் செய்திருப்பார்களா? அந்தப் பெயரைச் சொன்னவனுக்குத் தூக்குமேடை காட்டியிருப்பார்களா?

காட்டினார்கள்! கதையல்ல, காலக்குறிப்புடன் கூடிய வரலாறு. 1603ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ஸ்காத்லாந்தின் தலைநகர் எடின்பரோவில், மன்னர் ஆறாம் ஜேம்சின் ஆலோசனை மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. இங்கிலாந்தின் அரியணையில் அமர மன்னர் புறப்பட்டுக் கொண்டிருந்த நேரம். புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருந்தது போலும்! "மக்கிரெகர்" என்னும் குலப்பெயர் இனி இருத்தலாகாது. அப்பெயர் பூண்டோர் வேறு பெயர் பூணல் வேண்டும். மறுப்போர்க்கு மரணம் — இதுவே ஆணையின் சாரம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கிளென் ஃபுருவின் என்ற இடத்தில் அக்குலத்தார் நடத்திய குருதி சிந்திய சண்டையே காரணம் என்றனர். சண்டையிட்டவனைத் தண்டிப்பது நீதி எனலாம். சண்டையே அறியாத கிழவிக்கும், தொட்டிலில் கிடக்கும் குழவிக்கும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துத் தண்டனை தந்த நீதிக்கு என்ன பெயர் சூட்டுவது?

1661இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. 1693இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 1774இல்தான் அடியோடு அகன்றது. இடையிலே தடை நீங்கிய காலம் போக, ஏறத்தாழ 140 ஆண்டுக் காலம் ஒரு குலம் தன் பெயரைத் தன் வீட்டுக்குள்ளேயே மெல்லப் பேச வேண்டியிருந்தது. ஊரே புகழ்ந்த ராப் ராய் மக்கிரெகர்கூடத் தாய்வழிப் பெயரான "கேம்பல்" என்பதைப் போர்வையாகப் போர்த்தித் திரிந்தான். ராய் என்பது சிவப்பைக் குறிக்கும் "ருவா" என்ற கேலிக் சொல்லின் திரிபு; செந்தலையன் ராபர்ட் என்பதே அவன் பெயரின் பொருள். செந்தலையன் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்னார் மகன் என்று சொன்னால் தலை போகும்! இதன் பிறகுமா பெயரில் ஒன்றுமில்லை என்பது?

ஒன்றுமில்லையா, எல்லாம் இருக்கிறதா என்பதைக் கல்லைக் கேட்போம். அயர்லாந்திலும், கடல் கடந்து வேல்சிலும், கல்லின் ஓரத்திலே கோடுகளாகக் கீறப்பட்ட எழுத்துகள் உள்ளன. "ஓகம்" என்பர் அந்த எழுத்தை. ஏறத்தாழ 400 கற்கள் இன்று கிடைத்துள்ளன, பெரும்பாலானவை கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரையிலானவை. ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று இவையே. அவற்றில் எழுதியிருப்பது என்ன? மன்னனின் மெய்க்கீர்த்தியா? கடவுளின் திருவிளையாடலா? இல்லை. பெயர்கள்! "இன்னாருடைய, இன்னாரின் மகனுடைய" என்ற அளவே பெரும்பாலான கற்கள் பேசுகின்றன. அக்கற்களில் "மக்கி" என வரும் சொல்லே பின்னர் "மாக்" ஆயிற்று; மகன் என்பது பொருள். "அவி" என வருவதே தேய்ந்து தேய்ந்து "ஓ" ஆயிற்று. பேரன், வழித்தோன்றல் என்பது பொருள். ஓ பிரையன் என்றால் பிரையனின் வழிவந்தவன். மக்டோனல்ட் என்றால் டோனலின் மகன். எழுதக் கற்ற இனம் முதன்முதலில் எழுதியது தன் பெயரை!

அந்தப் பெயர்களின் பொருளைப் பாருங்கள். "ஈ" என ஒலிக்கும் ஒரு பெயர், நெருப்பு என்று பொருள்படும். "ஆர்ட்" கரடி. "உஷீன்" மான்குட்டி. "ரோனான்" சிறு கடல்நாய். "கீரான்" கருநிறச் சிறுவன். "ஃபியொன்" வெண்மை. "ரூரி" செந்நிற வேந்தன். "டோனல்" உலகாள்வோன். "கஹால்" போரில் வல்லான். "கொன்கோபர்" வேட்டைநாயை விரும்புவோன் — நாய் என்பது அங்கே வசைச்சொல் அல்ல. வீரனுக்கு வழங்கிய விருது! காடும் கடலும், விலங்கும் வேட்டையும், போரும் புகழும் அந்த மக்களின் வாழ்வாக இருந்தன. வாழ்வு அப்படியே பெயராக வடிந்தது. ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்று, சிறைப்பட்டு, கி.மு. 46இல் ரோமாபுரியில் கொல்லப்பட்ட கால் நாட்டு வீரன் வெர்சிஞ்செடொரிக்சின் பெயரும் இந்த இனத்ததே. மறவர்களின் மாமன்னன் என்பது அதன் பொருள். அவன் பேசிய கால் மொழி மாண்டது. அம்மொழியைப் பற்றி இன்று அறிஞர் அறிவதிலே பெரும்பகுதி, மாண்டவர்களின் பெயர்களும் மறையாத ஊர்ப்பெயர்களும் தந்த செய்திதான். மொழி செத்த பிறகும் பெயர் சாட்சி சொல்லும். ஆகவேதான் ஆதிக்கக்காரன் சாட்சியைக் கலைக்க முற்படுகிறான்.

அயர்லாந்துக்கு வருவோம். 1366ஆம் ஆண்டு கில்கென்னி நகரில் ஆங்கிலேய ஆட்சியினர் கூடிச் சட்டங்கள் வகுத்தனர். யாருக்கு? முதலில் தம் சொந்த ஆட்களுக்கு! படையெடுத்து வந்து குடியேறிய ஆங்கிலேயர், ஓரிரு தலைமுறைகளிலே ஐரிஷ் பேசி, ஐரிஷ் உடை உடுத்தி, ஐரிஷ் முறையிலே பெயரும் வைத்துக்கொண்டனர். ஆண்டவன் — அரசாண்டவனைச் சொல்கிறேன் — அஞ்சினான். "ஆங்கிலம் பேசு, ஆங்கிலப் பெயர் வை, ஐரிஷ்காரனின் பெயர் முறையைக் கைவிடு, இல்லையேல் நிலம் பறிபோகும்" என்றது சட்டம். இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலம் பேசு என்று அதட்டிய அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி ஆங்கிலம் அன்று, பிரெஞ்சு! நார்மானியப் பிரபுக்களின் நாவில் அது தவழ்ந்த காலம். தன் பிள்ளைக்குப் பாலும், ஊரான் பிள்ளைக்கு உபதேசமும்!

அடுத்த நூற்றாண்டில், 1465இல், கத்தி இன்னும் ஆழமாக இறங்கியது. டப்ளின், மீத், லௌத், கில்டேர் பகுதிகளிலே ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ் மக்கள் அனைவரும் ஆங்கிலக் குடும்பப் பெயர் ஏற்க வேண்டும் என்றது புதிய சட்டம். எந்தப் பெயரை? பட்டியலும் தரப்பட்டது! ஊர்ப்பெயர் வேண்டுமா — சட்டன், செஸ்டர், டிரிம், கார்க், கின்சேல். நிறம் வேண்டுமா — வெள்ளை, கறுப்பு, பழுப்பு. தொழில் வேண்டுமா — கொல்லன், தச்சன். பணி வேண்டுமா — சமையற்காரன், பரிசாரகன். மறுத்தால் ஆண்டுதோறும் உடைமை பறிமுதல். உடையும் ஆங்கிலேயன் உடையாக இருக்கவேண்டும். மேலுதட்டு மீசையையும் மழிக்கவேண்டும்! முகத்திலே மயிர் எவ்வளவு இருக்கலாம் என்பதிலிருந்து, பெயரிலே எழுத்து எவை இருக்கலாம் என்பது வரை அரசே அளந்து தந்தது.

ஆட்சியாளர் மட்டுமா? கவிஞனும் சேர்ந்துகொண்டான்! எட்மண்ட் ஸ்பென்சரை ஆங்கில இலக்கியம் பயின்றோர் அறிவர். "தேவதை அரசி" காவியம் பாடிய அதே கை, அயர்லாந்தில் பறித்த நிலத்தில் அமர்ந்து, 1596 வாக்கில், அந்நாட்டை அடக்கும் வழிகளை உரையாடல் வடிவில் எழுதிற்று. அதிலே அவன் கூறிய யோசனைகளில் ஒன்று, "ஓ" என்றும் "மாக்" என்றும் பெயருக்கு முன் வைக்கும் வழக்கத்தைத் தடுத்து, அடியோடு அழித்திட வேண்டும் என்பது. குலத்தை ஒன்றுசேர்த்து நிறுத்துவது அந்த ஓரெழுத்தும் ஈரெழுத்தும்தான் என்று கண்டுகொண்டான். பகைவனாயினும் பார்வை கூரிய பகைவன்! பெயர்தானே என்று அவன் சொல்லவில்லை.

சட்டம் செய்யாத வேலையைச் சிறுமை செய்து முடித்தது. நிலம் போயிற்று, நீதிமன்றம் ஆங்கிலத்தில் பேசிற்று, 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் பாடம் சொல்லின, 1845 முதல் 1852 வரை கொடும்பஞ்சம் தலைவிரித்தாட, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மாண்டோரிலும் மண்ணை விட்டோடியோரிலும் ஐரிஷ் பேசிய ஏழைகளே மிகுதி. பிழைக்க வேண்டுமானால் "ஓ"வும் "மாக்"கும் சுமை எனத் தோன்றின, கழற்றி எறிந்தனர். மீதிப் பெயரை எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினர்.

எப்படி எழுதினர்? இங்கேதான் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுகின்றன. டியர்மிட் என்ற பெயரை ஜெரமையா ஆக்கினர் — ஐரிஷ் வீரன், யூதத் தீர்க்கதரிசியானான்! கொன்கோபர், கொர்னீலியஸ் ஆனான் — வேட்டைநாய் விரும்பி, ரோமானியக் குடும்பத்தில் தத்துப் போனான். ஒளி என்று பொருள்படும் சொரகா, சாரா ஆனாள். க்ரானியா, கிரேஸ் ஆனாள். நெருப்பு, ஹியூ என்று அணைந்தது. டைக் என்று ஒரு பெயர். கவிஞன் என்பது அதன் பொருள். அவனைத் திமோத்தி ஆக்கினர்; கடவுளைப் போற்றுபவன் என்று கிரேக்கத்தில் பொருள். பாட்டுப் பாடியவனைப் பஜனைக்கு அனுப்பினர்! அதோடு விட்டதா? அதே டைக் என்ற பெயர், வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாக்கப்பட்டது; சுவர்களிலே வெறுப்பு வாசகமாக எழுதப்பட்டது. கவிஞன் என்று பெற்றோர் மகிழ்ந்து சூட்டிய பெயர், தெருவிலே காறி உமிழும் சொல்லாயிற்று. பேட்ரிக் என்பது பேடி ஆகி, குடிகாரக் கோமாளிக்குப் பட்டமாயிற்று. பிரிட்ஜெட் என்பது பிடி ஆகி, அமெரிக்கச் சீமான் வீட்டு வேலைக்காரிக்குப் பொதுப்பெயராயிற்று. பெயரைப் பறிப்பது ஒரு கொடுமை. பறித்த பெயரையே வசையாக்கி முகத்தில் எறிவது கொடுமையிலும் கொடுமை.

குடும்பப் பெயர்களின் கதியும் அதுவே. பாணன் மகன் என்று பொருள்படும் மாக் அன் வார்ட், வெறும் "வார்ட்" ஆயிற்று. பாணனும் போனான், மகனும் போனான். தச்சன் மகன் என்ற மாக் அன் டீர், சில இடங்களில் "ஃபிரீமன்" ஆனான். காரணம்? ஐரிஷில் தச்சனுக்கும் சுதந்திரனுக்கும் ஒரே ஒலியுடைய சொல். அடிமை நாட்டின் தச்சனுக்கு, மொழி தெரியாத எழுத்தன் தாளிலே வழங்கிய சுதந்திரம் அது! மாக் கொன்ரீ என்ற பெயரின் கடைசியிலே "ரீ" என்ற ஒலி கேட்டது. ரீ என்றால் மன்னன். ஆகவே எழுது "கிங்" என்று! கான்னமாராவின் பாறை நிலத்திலே உருளைக்கிழங்கு விளைவித்த ஏழைகள், பதிவேட்டில் மன்னராயினர்.

வேல்சிலே சட்டத்தின் கை நேராகப் பெயரைத் தொடவில்லை, நீதிமன்றத்தைத் தொட்டது. 1535 முதல் 1542 வரை எட்டாம் ஹென்றி செய்த சட்டங்கள் வேல்சை இங்கிலாந்தோடு பிணைத்து, நீதிமன்ற மொழி ஆங்கிலமே என்று விதித்தன. அதுவரை வெல்ஷ் மக்கள், இன்னார் மகன் இன்னார் மகன் இன்னான் என்று தலைமுறைகளை அடுக்கிச் சொல்வர். "அப்" என்றால் மகன். ஆங்கில எழுத்தனுக்கு ஏது அத்தனை பொறுமை? அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று; அப் ஹவல், பவல் ஆயிற்று; அப் ஓவைன், போவன் ஆயிற்று; அப் ஹரி, பாரி ஆயிற்று. மகன் என்ற சொல் தேய்ந்து, தந்தையின் பெயரில் ஒட்டிய ஒற்றெழுத்தாகி நிற்கிறது. ஜோன்ஸ் என்பது வேல்ஸ் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர். அந்தப் பெயரின் முதலெழுத்தோ, வெல்ஷ் மொழியின் பழைய நெடுங்கணக்கிலேயே இல்லாதது! தன் மொழியில் எழுத எழுத்தில்லாத பெயரால் ஒரு நாடு அழைக்கப்படுகிறது.

முடியரசுதான் இப்படி, குடியரசு வந்தால் கொடுமை நீங்கும் என்று எண்ணுவோர், கடல் கடந்து பிரித்தானிக்கு வாருங்கள். பிரெஞ்சு நாட்டின் மேற்கு மூலையில் கெல்டிக் மொழி பேசும் மக்கள் வாழும் பகுதி அது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு முழங்கிய பிரான்ஸ், 1803 ஏப்ரல் 1ஆம் நாள் — நெப்போலியன் முதல் கான்சலாக இருந்தபோது — ஒரு சட்டம் செய்தது. பிள்ளைக்குப் பெயரிட வேண்டுமானால் நாட்காட்டிகளில் உள்ள பெயரோ, பண்டைய வரலாற்று மாந்தரின் பெயரோதான் இடலாம். வேறு பெயரை அதிகாரி பதிவேட்டில் ஏற்கலாகாது. பிரெத்தோன் தாயின் நாவில் பிறந்த பெயருக்கு அந்தப் பட்டியலில் ஏது இடம்? 1950களிலும் 60களிலும்கூட, தன் பிள்ளைகளுக்குப் பிரெத்தோன் பெயரிட்ட ஒரு குடும்பம், பதிவும் இல்லை, குடும்ப உதவித்தொகையும் இல்லை என்று விரட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. உயிரோடு ஓடியாடும் பிள்ளைகள், சட்டத்தின் கண்ணுக்குப் பிறக்காத பிள்ளைகள்! 1966இல் கட்டுப்பாடு தளர்ந்தது. 1993 ஜனவரியில்தான் பெற்றோர்க்குப் பெயரிடும் உரிமை முழுமையாகக் கிட்டியது. முடிந்ததா கதை? 2017இல் கெம்பேர் நகரில் ஒரு குழந்தைக்கு "ஃபாஞ்ச்" எனப் பெயரிட்டனர். அப்பெயரிலுள்ள ஓரெழுத்தின் தலைமேல் நெளிகோடு ஒன்று உண்டு. அந்தக் கோடு பிரெஞ்சு மொழிக்குரியதன்று என வழக்கு! 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு மன்றம் கோட்டை அனுமதித்தது. ஒரு நெளிகோட்டைக் கண்டு ஒரு பெருநாடு நடுங்கியது, 21ஆம் நூற்றாண்டிலே!

இனி எதிர்ப்பின் வரலாறு. 1892 நவம்பர் 25ஆம் நாள், டப்ளினில் டக்ளஸ் ஹைட் ஒரு சொற்பொழிவாற்றினார். அயர்லாந்தின்மீது படிந்த ஆங்கிலப் பூச்சைத் துடைத்தெறிய வேண்டிய தேவை என்பது பொருள். பாட்டையும் பழக்கத்தையும் மட்டுமா பேசினார்? ஓவும் மாக்கும் இழந்து, ஆங்கிலப் பெயரில் ஒளிந்துகொண்ட தம் மக்களைச் சாடினார். அடுத்த ஆண்டு கேலிக் கழகம் பிறந்தது. பெயரை மீட்ட மக்கள் நாட்டையும் மீட்கத் துணிந்தனர். அந்த ஹைட், 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இடையிலே 1905இல் நடந்த ஒரு வழக்கை இளைஞர்கள் அறிய வேண்டும். வண்டியில் உரிமையாளர் பெயர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். டானகால் பகுதியைச் சேர்ந்த நியல் மாக் கில்லா வ்ரீடே தம் வண்டியிலே தம் பெயரை எழுதியிருந்தார் — தம் மொழியிலே, தம் எழுத்திலே. குற்றம் என்றது அரசு, தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் அவருக்காக வழக்காட எழுந்தவர் பேட்ரிக் பியர்ஸ். 1916இல் ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக்கொல்லப்பட்ட அதே பியர்ஸ்! வழக்கு தோற்றது. ஐரிஷ் எழுத்தில் எழுதிய ஐரிஷ் பெயர், அயர்லாந்திலே தெளிவற்ற எழுத்து என்று தீர்ப்பு! வழக்கறிஞர் வேலையை விடுத்து வேறு வழி தேடிய இளைஞனை யார் குறை சொல்ல முடியும்?

இன்றும் போராட்டம் முற்றவில்லை. ஐரிஷில் உயிரெழுத்தின்மேல் சாய்கோடு இட்டால் நெடில். ஷான் என்ற பெயரில் அக்கோட்டை நீக்கினால், "கிழடு" என்ற பொருள்தரும் வேறு சொல்லாகிவிடும். கல்லுக்கும் காலுக்கும் வேறுபாடு அறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? கணிப்பொறி ஏற்காது என்று கூறி அந்த நெடிற்குறியைத் தின்றுவந்த அலுவலகங்களுக்கு எதிராகக் குரல் எழுந்தது. அதன் விளைவாக, பொது அமைப்புகள் ஒருவர் பெயரை அதன் ஐரிஷ் வடிவிலேயே வழங்க வேண்டும் என்ற கடமையை 2021ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்திருத்தம் எடுத்துரைத்தது.

இவ்வளவும் கேட்டு உங்கள் தோள் துடிக்கும். துடிக்கட்டும். ஆனால் பகுத்தறிவாளன் பகைவனைச் சாடும்போது கண் திறந்திருப்பது போலவே, நண்பனைத் தழுவும்போதும் கண்ணை மூடலாகாது. பறிபோன பெயரை மீட்போம் என்பது நேர்மை. பழம்பெயரெல்லாம் புனிதம் என்பது மடமை. வேறுபாட்டைக் காண்போம்.

தூய கெல்டிக் குருதி என்று சிலர் மார் தட்டுவர். அவர்களின் பெயரே அவர்களை மறுக்கிறது. அயர்லாந்தில் எங்கும் காணும் டாயில் என்ற பெயருக்குக் கரிய அந்நியனின் வழித்தோன்றல் என்று பொருள். வடகடல் கடந்து வந்த வைக்கிங்கைச் சுட்டும் சொல் அது. மக்லௌட் என்பதிலே மாக் மட்டுமே கேலிக்; மீதி நார்ஸ் மொழிப் பெயர். ஷான் நார்மானியன் தந்தது. பேட்ரிக் லத்தீன். உயிர் கொடுத்துக் காத்தார்களே மக்கிரெகர் — அதன் கிரெகர், கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியே வந்தது! இதனால் அவர்கள் பட்ட துயர் பொய்யாகுமா? ஆகாது. பெயருக்கு உரிமை வேரினால் வருவதன்று. அதைச் சூடி வாழ்ந்த மக்களால் வருவது. தூய்மை வாதம் துணையின்றியே உரிமை நிற்கும்.

மதம் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். கரடியும் மானும் நெருப்புமாக இருந்த பெயர்களிடையே, துறவி மடம் நுழைந்தது. "மௌல்" என்றால் மொட்டைத்தலையன், அதாவது அடியான். "கில்லா" என்றால் ஏவலாள். மால்கம் என்ற கம்பீரமான பெயரின் பொருள் புனித கொலம்பாவின் அடியான். கில்கிறிஸ்ட், கிறிஸ்துவின் ஏவலாள். கில்லீஸ், இயேசுவின் ஏவலாள். பெரிய சாமியாரின் பெயரை நேராக இடுவது மரியாதைக் குறைவாம்! ஆகவே பேட்ரிக் என்று நெடுங்காலம் பெயரிடாமல், பேட்ரிக்கின் அடியான் என்றே பெயரிட்டனர். மேரியின் பெயருக்கோ இன்னும் கண்டிப்பு. தேவமாதாவுக்கு வழங்கும் வடிவம் "முர்ரே", மானிடப் பெண்ணுக்கு வழங்கும் வடிவம் "மோய்ரே" என்று எழுத்திலேயே தனித் தெரு! வண்டியில் பெயர் எழுதிய அந்த நியலின் பெயரே, பிரீடின் ஏவலாளின் மகன் என்பதுதான். ஆங்கிலேயனின் பிடியிலிருந்து பெயரை மீட்பது போதுமா? அடியான் என்ற பொருளிலிருந்து மனிதனை மீட்க வேண்டாமா?

பெண்ணை மறந்துவிட்டுப் பேசுவது நம் வழக்கமன்று. ஓவும் மாக்கும் ஆணுக்கு. மகளுக்கு? "நீ" என்றும் "நிக்" என்றும் மாற வேண்டும். இன்னார் வழியினனின் மகள் என்பது பொருள். மணந்தபின்? "பான் ஈ" — இன்னார் வழியினனின் மனைவி! ஆண் தன் பெயரோடு பிறந்து தன் பெயரோடு சாகிறான். பெண் ஒருவனின் மகளாகத் தொடங்கி மற்றொருவனின் மனைவியாக முடிகிறாள். தொன்மையான இலக்கணமாக இருக்கலாம்; அதற்காக நீதியாகி விடுமா? பேரரசின் பிடியை எதிர்க்கத் தெரிந்தவருக்கு, வீட்டரசின் பிடி மட்டும் கண்ணில் படாமல் போவானேன்?

அடுத்து, போலிச் சரக்கு. 1760களில் ஜேம்ஸ் மாக்பெர்சன் என்பவர், ஒசியன் என்ற பழங்காலக் கேலிக் கவிஞனின் காவியங்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாக அறிவித்தார். ஐரோப்பாவே மயங்கிற்று. மக்களிடையே உலவிய கதைத்துணுக்குகளோடு, பெரும்பகுதி அவரே புனைந்தது என்பது பின்னர் வெளியாயிற்று. ஃபியோனா, மால்வினா என்ற பெயர்கள் அவர் நூல்களிலேதான் முதலில் தலைகாட்டின. பண்டைய கேலிக் பெயர் என்று பெருமையோடு சூட்டுகிறார்களே, அந்த ஃபியோனாவுக்கு வயது முந்நூறுகூட ஆகவில்லை! நெப்போலியனுக்கு அந்த நூல்மீது தீராக் காதல். அவன் தளபதி பெர்னடாட் 1799இல் பிறந்த தன் மகனுக்கு அதிலிருந்து ஆஸ்கர் என்று பெயரிட்டான். அந்த மகன் 1844இல் சுவீடனின் மன்னனுமானான். என்னே விந்தை! புனைந்த காவியம் தந்த கெல்டிக் பெயர் அரியணை ஏறுகிறது. உயிருள்ள பிரெத்தோன் பெயருக்கு, அதே நெப்போலியனின் சட்டம் பதிவேட்டின் கதவை அடைக்கிறது! பொம்மைக்குப் பட்டாடை, பிள்ளைக்குப் பட்டினி. குலத்துக்கொரு கட்டம்போட்ட துணி என்று இன்று விற்கிறார்களே, அந்த வாணிபத்துக்கு ஊட்டமளித்த 1842ஆம் ஆண்டுப் பெருநூலும் போலிச்சுவடி என்று நிறுவப்பட்டதே.

இறுதியாக நம் தோழர்களுக்கே ஒரு சொல். "மாக் என்றால் மகன், தமிழிலும் மக, மகன்! ஆகவே ஐரிஷ்காரன் நம்மவன்" என்று துள்ளியெழும் ஆர்வலர் உண்டு. வேண்டாம் இந்த வித்தை! ஓகம் கற்களின் "மக்கி"யில் இருந்த ககர ஒலி, வெல்ஷ் மொழியில் பகரமாகி "மப்" என நிற்கிறது; அங்கிருந்து தேய்ந்ததே "அப்". இம்மாற்றம் ஒரு சொல்லில் மட்டுமன்று, சொல்லுக்குச் சொல் ஒழுங்காக வருவது. அந்த ஒழுங்கைக் கண்டு, கெல்டிக் மொழிகள் ஒரு குடும்பம் என்பதை எட்வர்ட் லாய்ட் 1707இல் எடுத்துக் காட்டினார். அயர்லாந்து மண்ணில் பிறந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிக் குடும்பத்தை நிலைநாட்டியதும், இலக்கண அமைப்பையும் ஒலிமாற்ற ஒழுங்கையும் காட்டித்தான். ஒன்றிரண்டு சொற்கள் ஒத்தொலிப்பதைக் காட்டி அன்று. நம் மொழியின் தனித்தன்மையை நிறுவிய அந்த அளவுகோலை, நமக்கு இனிக்கும் இடத்தில் மட்டும் வளைக்கலாமா? வேதத்திலே விமானம் இருந்தது என்பவனைப் பார்த்துச் சிரிக்கும் வாய், மாக்கிலே மகன் இருக்கிறான் என்று சொல்லக் கூசவேண்டும்.

ஆகவே, பெயர்தானே என்பவரிடம் சொல்லுங்கள்: கில்கென்னியில் கூடியவர்கள் அப்படி எண்ணவில்லை; எடின்பரோவில் ஆணையிட்டவர்கள் அப்படி எண்ணவில்லை; பாரிசில் பட்டியல் போட்டவர்களும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஒரு குலம் பெயரிழந்து திரிந்திராது. பழம்பெயர் எல்லாம் பொன் என்பவரிடமும் சொல்லுங்கள்: பொன்னோடு துருவும் உண்டு, அடியான் என்ற துரு, இன்னார் மனைவி என்ற துரு, போலிப் பழமை என்ற துரு. உங்கள் பிள்ளைக்கு ஒரு பெயரிடும் நாள் வரும். அப்பெயரை யார் தந்தது, அதன் பொருள் என்ன, அது பிள்ளையை நிமிர்த்துமா, குனிய வைக்குமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மன்னனுக்கும் மதத்துக்கும் அஞ்சாமல், தம் மொழிக்கும் அறிவுக்கும் ஒத்த பெயரைத் தாமே தேர்ந்து இடும் உரிமைக்காகத்தான் அந்த வண்டிக்காரர் நீதிமன்றம் ஏறினார். அவர் தோற்ற வழக்கை நாம் வெல்வோம்!